பின்பாதி மட்டும் சொன்ன சூசைராஜ்

லத்தீன் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். முதலில் என் அனுதாபங்கள். எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் பேச ஆளில்லாத மொழி அது. நம்மிடம் படித்துப் பாஸாகி, குருப்பட்டமும் வாங்கியவர் பல வருஷம் கழித்து வழியில் பார்த்தால், "சிஸ்டர், ஆமோ, ஆமாஸ்னு முதல் பாடத்தோட சரி, மத்ததெல்லாம் மறந்தே போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். சமையல் கற்றுக்கொடுத்தவரிடம் போய் யாராவது, சோறு வடிக்க மறந்துவிட்டது என்று சிரிப்பார்களா? நம்மிடம் சிரிப்பார்கள். அதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் இருக்கப் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

உங்களில் ஃபாதர்களும் இருக்கிறீர்கள், சிஸ்டர்களும் இருக்கிறீர்கள். முறைப்படிதான் கூப்பிட வேண்டும். ஆனால் எனக்கு வயசாகிவிட்டது, பிள்ளைகள் என்றே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். கன்னியர் மடத்தில் சேர்ந்தபின் படிக்க அனுப்பினார்கள். படித்து முடித்து வந்ததும், நம் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒரு சிறு குருமடத்தில் லத்தீன் எடுக்கச் சொன்னார்கள். குருக்களாகப் போகிற ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சிஸ்டர் பாடம் எடுப்பதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். என் வாயைப் பார்த்த பிறகு அடங்கிவிட்டார்கள். முட்டி தேய்ந்து மாடிப்படி ஏற முடியாமல் போகும்வரை அங்கேதான் இருந்தேன்.

பாடத்தைப் பற்றி உங்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. முதல் வருஷம் முழுக்க நிகழ்காலம்தான். ஒரு வினைச்சொல், ஆறு உருவம். லௌதாரே என்றால் புகழ்வது. தமிழில் புகழ்கிறேன், புகழ்கிறாய், புகழ்கிறார் என்று ஒருமையில் மூன்றும், புகழ்கிறோம், புகழ்கிறீர்கள், புகழ்கிறார்கள் என்று பன்மையில் மூன்றும் வருகிற மாதிரி, அங்கே லௌதோ, லௌதாஸ், லௌதாத். லௌதாமுஸ், லௌதாத்திஸ், லௌதாந்த். இதைப் புரியவைக்க ஒரு வகுப்பு போதும். வாயில் உட்காரவைக்கத்தான் நம் உயிர் போகும். அதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, உங்களுக்கும் தொண்டை இருக்கிறது. நான் சொல்ல வந்தது சூசைராஜைப் பற்றி. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சூசைராஜ் மொரப்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். லாரியில் கிளீனராகப் போய், பிறகு டிரைவரானவர். குருவாக வேண்டும் என்று கதவைத் தட்டியபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வகுப்பில் மற்றதெல்லாம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், மீசை சரியாக முளைக்காதவர்கள். அவர்கள் நடுவில் இவர் பெரிய கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதற்காக வந்தீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"தோணுச்சுங்க."

அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. குருமடத்து அதிபர் ஃபாதருக்கு அவரைச் சேர்த்துக்கொள்ள அரை மனசுதான். அந்த வயதில் வருகிறவர்களில் பலர் பாதியில் போய்விடுகிறார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வருஷம் இருக்கலாம். வருஷக் கடைசியில் வெளியிலிருந்து ஒரு ஃபாதர் வந்து வாய்மொழித் தேர்வு வைப்பார். அதில் லத்தீன் பாஸ் பண்ணினால் மேலே அனுப்புவார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு. இன்னொரு வாய்ப்பு கிடையாது. வயது அதற்கு இடம் கொடுக்காது. சூசைராஜ் அதற்குச் சரியென்று சொல்லி, பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

இனி என் வகுப்புப் பிள்ளைகள் பண்ணின கூத்தைச் சொல்ல வேண்டும். எந்த ஊர் லத்தீன் வாத்தியாருக்கும் இப்படி ஒன்று வாய்த்திருக்காது.

குருமடத்தில் சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே ஜெபமாலை சொல்வது வழக்கம். முன்வரிசை 'அருள் நிறைந்த மரியே' என்று முதல் பாதியைச் சொல்லும். பின்வரிசை 'புனித மரியே' என்று மறுபாதியைச் சொல்லும். நம் வீடுகளிலும் அப்படித்தானே? ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் பதில் சொல்வோம். சின்ன வயதிலிருந்து மூச்சோடு சேர்ந்துபோன பழக்கம். அந்த வருஷம் பிள்ளைகள் சில நாளாக ஜெபமாலை முடிந்த பிறகும் மைதானத்தை விட்டுப் போகாமல் அதே ராகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். வராந்தாவில் நின்று பார்த்த எனக்கு ஒரே சந்தோஷம். நம் பிள்ளைகளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அதிபரிடமே போய்ப் பெருமையடித்துக்கொண்டேன்.

பிறகு வகுப்பில் ஒரு நாள் ஒவ்வொருவராக எழுப்பி வினைச்சொல்லைச் சொல்லச் சொன்னேன். ஒருவன் லௌதோ, லௌதாஸ், லௌதாத் என்று மழையாகக் கொட்டிவிட்டு நின்றுவிட்டான். "மேல சொல்லுப்பா" என்றால் என் முகத்தைப் பார்க்கிறான். அடுத்தவன் எழுந்தான். வாயே திறக்கவில்லை. அவனுக்கடுத்தவன் முதல் மூன்றைச் சொல்லிவிட்டு நின்றான். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுவதற்காக இவர்கள் வினைச்சொற்களையும் ஜெபமாலை மாதிரிப் பங்குபோட்டுக்கொண்டிருக்கிறார்கள். முன்வரிசைக்கு ஒருமை, பின்வரிசைக்குப் பன்மை. மைதானம் முழுக்க நடந்து நடந்து, பாதிப்பேர் முன்பாதியையும் பாதிப்பேர் பின்பாதியையும் கரைத்துக் குடித்திருந்தார்கள். முழுசாக ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்து, திட்டவும் முடியாமல் மேசையைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

"நாளையிலிருந்து வரிசையை மாத்துங்க. முன்னால இருக்கறவங்க பின்னால, பின்னால இருக்கறவங்க முன்னால. ரெண்டு பாதியும் எல்லாருக்கும் வரணும்" என்றேன்.

பிள்ளைகள்தானே, சீக்கிரமே தேறிவிட்டார்கள். சூசைராஜ் மட்டும் தேறவில்லை. அவர் பின்வரிசைக்காரர். முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினால் உதடு ஒட்டிக்கொள்ளும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"லௌதாரே. சொல்லுங்க, பிரதர்."

நெடுநேரம் நின்றார். கடைசியில், "லௌதாமுஸ், லௌதாத்திஸ், லௌதாந்த்" என்றார்.

"அது பின்னாடி வர்றது. முதல்லருந்து சொல்லுங்க."

"முதல்லருந்து வரலீங்க, சிஸ்டர்."

"தெரியலையா, வரலையா?"

"தெரியுதுங்க. வரலீங்க."

எழுதச் சொன்னேன். ஆறையும் பிழையில்லாமல் எழுதினார். நான் முதல் பாதியைச் சொன்னால் மறுபாதியைச் சட்டென்று சொல்லுவார். 'ஔதியோ' என்று ஒரு வினை இருக்கிறதே, கேட்கிறேன் என்று பொருள், அதன் கடைசி உருவத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளே தடுக்கி விழுவார்கள். இவர் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. ஆனால் யாராவது ஆரம்பித்தால்தான். தானாக ஆரம்பிக்கச் சொன்னால் மரமாக நிற்பார். நானும் அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கேலிகூடப் பண்ணிப் பார்த்தேன். கேலி பண்ணின அன்று அவர் அந்தப் பெரிய கைகளை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். அதோடு எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டேன்.

கூச்சம் என்றார் அதிபர். மண்டையில் ஏறவில்லை என்றார் இன்னொரு ஃபாதர். ஆறையும் எழுதுகிறவருக்கு மண்டையில் ஏறவில்லை என்று எப்படிச் சொல்வது? நமக்குப் புரியாததற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் நமக்குக் கொஞ்சம் நிம்மதி வரும். அந்த நிம்மதியை நம்பாதீர்கள். என்னிடம் பெயரும் இல்லை, வழியும் இல்லை. தேர்வு நாள் வந்துவிட்டது.

தேர்வு வைக்க வந்த ஃபாதர் பெரிய படிப்பாளி. கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் வெளியூரிலிருந்து வருகிறவரை வில்லனாக்கிவிடுவது நம் வழக்கம். அவர் பக்கத்தில் அதிபர். மூலையில் ஒரு நாற்காலியில் நான். வாய்மொழித் தேர்வில் பாடம் எடுத்தவர் இருக்கலாம், பதில் எடுத்துக்கொடுக்க வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் விதி.

காலை டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சூசைராஜ் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, மேல்பொத்தான்வரை போட்டிருந்தார்.

"லௌதாரே, நிகழ்காலம்" என்றார் தேர்வாளர்.

அமைதி. வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. தேர்வாளர் காத்திருந்தார். வேறு வினை கொடுத்தார். அதற்கும் அமைதி. பிறகு சூசைராஜ் மெதுவாகச் சொன்னார்:

"ஃபாதர், நீங்க ஆரம்பிங்க. நான் சொல்றனுங்க."

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. முகம் சிவந்தது. ஆனால் எதிரில் நிற்கிறவரின் கண்ணைப் பார்த்ததும் அந்தக் கோபம் போய்விட்டது. என் பக்கம் திரும்பி, சாந்தமாகத்தான் கேட்டார்.

"சிஸ்டர், இவரு நாளைக்குப் பூசை வைக்கப் போறவர். பீடத்துல நின்னுக்கிட்டு ஜனங்களைப் பாத்து நீங்க ஆரம்பிங்கன்னு சொல்லுவாரா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவர் கேட்டது லத்தீனைப் பற்றியே இல்லை. பூசையில் குரு ஆரம்பிப்பார், ஜனங்கள் பதில் சொல்வார்கள். ஆரம்பிக்க முடியாதவர் குருவாக முடியாது.

அதிபர் பெருமூச்சு விட்டார். தேர்வாளர் பேனாவை எடுத்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஃபாதர், டீ முடிஞ்சு இவரை இன்னொரு தடவை கூப்பிடுங்க."

"அதுக்குள்ள என்ன மாறிடப் போகுது, சிஸ்டர்?"

"தெரியாது, ஃபாதர்."

உண்மையாகவே தெரியாது. ஏதாவது கெட்டிக்காரத்தனமான பதில் சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பேனாவை மூடி வைத்தார்.

"டீ குடிச்சு முடிக்கறவரைக்கும்" என்றார்.

வெளியே வந்தால் சூசைராஜ் விடுவிடுவென்று மாடிப்படிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"பெட்டி கட்டறனுங்க."

"ஏன், நாளைக்கு மொரப்பூருக்கு பஸ் ஓடாதா? வந்து உக்காருங்க மொதல்ல" என்று ஒரு சத்தம் போட்டேன். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஒரு சிமெண்ட் திண்டு இருந்தது. வந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே கப்புகளைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. வினைச்சொல்லை மறுபடி சொல்லிக்கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன பிரயோஜனம்? அவருக்குத் தெரியாத வினைச்சொல் ஒன்றும் இல்லையே.

அப்போதுதான் எனக்கு வேறொன்று கேட்கத் தோன்றியது. நான் சிஸ்டர். வாழ்நாள் முழுக்கப் பூசையில் பதில் சொல்கிற பக்கத்தில் நின்றவள். பதில் சொல்லியே பழகியவளுக்கு எப்போதும் ஆரம்பிக்கிறவர் ஒருவர் இருப்பார். அவர் யாரென்று மறக்காது.

"உங்க வூட்ல ஜெபமாலை யாரு ஆரம்பிப்பாங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "எங்கப்பா இருக்கறவரைக்கும் அவருங்க. அப்புறம் எங்கண்ணனுங்க. ஆரோக்கியம்னு பேரு."

"நீங்க?"

"நாங்கெல்லாம் பதிலுங்க."

"அண்ணன் இப்ப எங்க இருக்காரு?"

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"அவருதானுங்க டிரைவரு. நான் கிளீனருங்க. தக்காளி லோடு ஏத்திக்கிட்டு சேலம் போவமுங்க. தொப்பூர் எறக்கம் வந்தா அண்ணன் ஜெபமாலையை ஆரம்பிச்சுருவாருங்க. எறங்கி முடிக்கறதுக்குள்ள ஜெபமாலையில பத்து மணி சொல்லிருவம். அவரு முன்பாதி, நான் பின்பாதி. எத்தனையோ வருசமா அப்படித்தானுங்க. அன்னிக்கு மத்தியானமுங்க, நல்ல வெயிலு. அவரு ஆரம்பிச்சாரு. நான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன். முன்னாடி ஒரு லாரி நின்னுருச்சு. அண்ணன் நிறுத்திட்டாருங்க. பின்னாடி வந்த டிரெய்லருக்குப் பிரேக் பிடிக்கல. நான் எப்படி வெளிய விழுந்தன்னு எனக்கே தெரியாதுங்க. அண்ணன் ஸ்டேரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு. கதவு வழியா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னனுங்க. கிரேனு வரணும். ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது, கிரேனு எப்படி வரும்? அவரு என்னைப் பாத்தாரு. 'அருள் நிறைந்த'ன்னு ஆரம்பிச்சாருங்க. விட்ட எடத்துலருந்து. நான் பதில் சொன்னேன். மறுபடி ஆரம்பிச்சாரு. நான் சொன்னேன். குரலு கொறைஞ்சுகிட்டே வந்துச்சு. அப்புறம் அவரு ஆரம்பிக்கல."

சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டார்.

"நான் காத்துக்கிட்டு நின்னனுங்க, சிஸ்டர். அவரு ஆரம்பிக்கட்டும்னு. கிரேனு வர்றவரைக்கும் நின்னேன். ஒண்ணும் சொல்லல."

'தோணுச்சுங்க' என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாரே, அது எந்த இடத்தில் தோன்றியது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை மாதம் இந்த மனிதரை முன்வரிசைக்குத் தள்ளித் தள்ளி நிறுத்தியிருக்கிறோம்.

"இதை ஃபாதர்கிட்டச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன். சொல்லியிருந்தால் அந்தத் தேர்வாளர் நிச்சயம் பாஸ் போட்டிருப்பார். இரக்கமில்லாதவர் இல்லை அவர். சூசைராஜ் சட்டென்று நிமிர்ந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"வேண்டாமுங்க! எங்கண்ணன் சாவைக் காட்டி எனக்குப் பாஸ் வாங்கித் தராதீங்க."

பிள்ளைகளே, நீங்கள் இந்த வேலையில் பல வருஷம் இருப்பீர்கள். ஒருவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று கையில் இருக்கும். அதைச் சொன்னால் காரியம் நடந்துவிடும். அதைச் சொல்ல நாக்கு துடிக்கும், நல்லது செய்கிறோம் என்ற நினைப்பும் கூடவே இருக்கும். அது உங்களுடைய பொருள் இல்லை. அவர் எடுத்துக் கொடுத்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். அன்று நான் திரும்ப உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

டீ முடிந்ததற்கு மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"சரி, ஆரம்பிங்க. நான் பதில் சொல்றேன்" என்றேன்.

"லௌதோவுங்களா?"

"லத்தீன் கிடக்கட்டும். அன்னிக்கு நின்னுபோச்சு இல்ல, அதை ஆரம்பிங்க. ஆரோக்கியத்துக்காக."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. உள்ளங்கைகளால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். நான் பொறுமைசாலி இல்லை, உங்களில் பலருக்கு அது தெரியும். அன்று காத்திருந்தேன். முதல் வார்த்தையைப் பாதியில் விட்டார். மறுபடி எடுத்தார், உடைந்தது. மறுபடி எடுத்தார். அந்த முன்பாதியை அவர் முழுசாகச் சொல்லி முடித்தபோது என் கண் நிறைந்துவிட்டது. பதில் சொல்வதற்கு எனக்குக் குரல் வர வேண்டுமே என்று பயந்துபோனேன். நல்லவேளை, வந்தது. அந்தப் பின்பாதியில் நம் இறப்பின் வேளையைப் பற்றி வருகிறதே, நாள் தவறாமல் சொல்லிச் சொல்லி நான் காதில் வாங்காமலே விட்டிருந்த வார்த்தைகள், அன்று ஒவ்வொன்றும் கேட்டது. அடுத்ததை நான் கேட்காமலே அவராகவே ஆரம்பித்தார். மணி அடிக்கிறவரை அவர் ஆரம்பித்தார், நான் பதில் சொன்னேன்.

லத்தீனில் ஒரு சொல்கூட நாங்கள் பேசவில்லை.

திரும்ப உள்ளே போனோம். அவர் மேசைக்கு முன்னால், நான் மூலை நாற்காலியில். தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஔதீரே, நிகழ்காலம்" என்றார். கெட்டிக்காரர்களே தடுக்கி விழுகிற அந்தக் கேட்கிற வினையைத்தான் கொடுத்தார். கொடுக்கட்டும் என்று இருந்தது எனக்கு.

சூசைராஜ் மூச்சை இழுத்தார்.

"ஔதியோ" என்றார். "ஔதிஸ். ஔதித்."

அதிபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார்.

மறதி இல்லை. பாதி முடிந்துவிட்டது அல்லவா? ஆரம்பிக்க வேண்டியதை ஆரம்பித்தாயிற்று. இனி யாராவது பதில் சொல்ல வேண்டும். மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சற்றுமுன் சைக்கிள் நிறுத்தத்தில் பதில் சொன்னவள் நான்தானே. என் நாக்கின் நுனியில் 'ஔதிமுஸ்' நின்றது. சொன்னால் தேர்வு செல்லாது, அது ஒரு பக்கம். அதைவிட, நான் பதில் சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் இவர் யாராவது ஒருவரைத் தேடிக்கொண்டே நிற்பார் என்று தோன்றியது. சொல்லாமல் இருந்தால், இதோ மறுபடி ஒருவர் பாதியில் கைவிட்டுவிட்டார் என்று நினைப்பாரோ என்ற பயமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நெஞ்சில் ஏறியது. யோசிக்க நேரமில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பதைப்போலக் கடினமான வேலை நம் தொழிலில் வேறு இல்லை. சுண்ணாம்பு படிந்த என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வாளரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அதற்காக நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

பிறகு சூசைராஜின் குரல் கேட்டது.

"ஔதிமுஸ். ஔதித்திஸ்." கொஞ்சம் நிறுத்தி, "ஔதியுந்த்."

ஆறும் முடிந்தது. தேர்வாளர் அடுத்த வினையைக் கொடுத்தார். அதையும் சொன்னார். நடுவில் கொஞ்சம் நின்றார், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாவதில் நிற்கவும் இல்லை.

பாஸ்தான். பிரமாதமான மதிப்பெண் ஒன்றும் இல்லை. தேர்வாளர் கிளம்பும்போது என்னிடம், "அந்த டீ நேரத்துல என்ன சொல்லிக்கொடுத்தீங்க, சிஸ்டர்?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை ஃபாதர் என்றேன். நம்பினாரோ இல்லையோ, தலையை ஆட்டிவிட்டுப் போனார். சூசைராஜ் மேலே படிக்கப் போனார், குருவானார், இப்போது ஒரு பங்கில் இருக்கிறார். அண்ணனைப் பற்றி அவரே தன் பிரசங்கத்தில் சொல்லத் தொடங்கியபின், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

அவர் பாஸானதோடு இதை நிறுத்தியிருந்தால் நீங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள். ஆனால் நம் வேலை அப்படி முடிவதில்லை, அதனால் மிச்சத்தையும் கேளுங்கள்.

அன்று தன் முறை முடிந்ததும் வராந்தாவில் அவர் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நான் ரொம்பச் சந்தோஷத்தில் போனேன். முதுகில் ஒன்று போடலாமா என்றுகூட இருந்தது.

"நடுவுல என்னைப் பாத்தீங்களே, பிரதர்?"

"நீங்க பதில் சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க."

"சொல்லலையே. அப்புறம்?"

"யாரும் சொல்லலைன்னு தெரிஞ்சுது. நானே சொல்லிட்டனுங்க."

"பாத்தீங்களா! ரெண்டு பாதியும் உங்க வாயிலயேதான் இருந்திருக்கு" என்று சிரித்தேன்.

அவரும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோய், அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்படின்னா அன்னிக்கும் முன்பாதியை நானே சொல்லியிருக்கலாமுங்களே, சிஸ்டர். அண்ணனுக்குக் காது கேட்டுக்கிட்டுத்தான இருந்திருக்கும்."

உள்ளே அடுத்த பையனைக் கூப்பிட்டார்கள், நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர் அழுது முடிக்கிறவரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.